முன்பாரம்

பொத்தேரி ஏரிக்கரை மண்பாதையிலிருந்து ஜி.எஸ்.டி. ரோட்டில் ஏறுவதற்கு முன்னால் தாத்தா வண்டியை ஒரு தடவை நிறுத்துவார். இறங்கி முன்னால் போய், நுகத்தடிக்கு அருகே ஏர்க்காலை இரண்டு கையாலும் பிடித்து லேசாகத் தூக்கிப் பார்ப்பார். கையில் விழுகிற கனம் அவருக்குச் சரியென்று பட்டால் பேசாமல் ஏறி உட்கார்ந்துகொள்வார். இல்லாவிட்டால் எங்களைப் பார்த்து ஒரு குரல் வரும்: “டேய், ரெண்டு பேர் முன்னாடி வந்து குந்துங்கடா.”

வண்டியில் தொற்றிக்கொண்டு வந்த பிள்ளைகள் நாங்கள்தான் அவருக்கு எடைக்கல். முன்னால் வா என்றால் நகர்வோம், பின்னால் போ என்றால் நகர்வோம். ஏன் என்று கேட்டதில்லை. 1970களின் நடுவில் நடந்தது இது. எனக்கு எட்டு, ஒன்பது வயது இருக்கும்.

இரண்டு சக்கர வண்டியில் பாரம் அச்சுக்குப் பின்னால் தங்கிவிட்டால் ஏர்க்கால் மேலே எழும்பும். நுகத்தடி கழுத்தை விட்டுத் தூக்கிக்கொள்ள, கீழே கட்டிய கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். அது பின்பாரம். முன்னால் கூடிப்போனால் அத்தனை கனமும் மாட்டின் கழுத்தில் இறங்கிப் புண்ணாக்கும். இரண்டும் சரிசமமாக நின்றால் நல்லது என்று தோன்றும். வண்டி ஓட்டியவர்கள் அதையும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். சமமாக நிற்கிற வண்டி ஒவ்வொரு பள்ளத்திலும் முன்னும் பின்னும் தலையாட்டும். நுகம் கழுத்தில் படிந்து உட்கார்கிற அளவுக்குக் கொஞ்சம் முன்பாரம் இருக்கத்தான் வேண்டும். அந்தக் ‘கொஞ்சம்’ எவ்வளவு என்பது தாத்தாவின் இரண்டு உள்ளங்கைக்கும் தெரிந்திருந்தது.

மாமல்லபுரம் கடற்கரைப் பக்கத்துச் சவுக்குத் தோப்புகளிலிருந்து விறகு பட்டணத்துக்குப் போய்க்கொண்டிருந்த காலம். சவுக்குக் கட்டை வண்டியை விட நீளம். எப்படி அடுக்கினாலும் பின்னால் துருத்திக்கொண்டு நிற்கும். அதனால் தடித்த அடிப்பக்கம் முன்னால், மெலிந்த நுனி பின்னால் என்று அடுக்குவார்கள். கடைசிக் கட்டையைப் போட்டுக் கயிற்றை இழுத்துக் கட்டியதும் மறுபடி ஏர்க்காலைத் தூக்கிப் பார்ப்பார்கள். அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பினால் அரை மைல் போவதற்குள் மாடு சொல்லிவிடும். கழுத்தை உதறும், நிற்கும், நுரை தள்ளும். மாட்டுக்கு வலிக்கும் என்பதால் மனிதருக்குத் தெரிந்தது.

அந்த வழக்கத்தைப் பற்றி இத்தனை வருஷம் கழித்து நினைக்க வைத்தது ஒரு கலவை மிஷின்.

காலை ஐந்தரை, ஆறு மணிக்குப் பொத்தேரி ரயில் நிலையத்துப் பக்கம் வந்து நின்று பாருங்கள். கல்லூரி மாணவர்கள் எழுந்திருக்க இன்னும் நேரம் இருக்கும். டீக்கடை மட்டும் திறந்திருக்கும். ஜி.எஸ்.டி. ரோடு எட்டு வழியாகக் கிடக்கிறது. 45 என்றிருந்த தேசிய நெடுஞ்சாலை எண் 32 ஆகிவிட்டது. ரோட்டோரப் புளியமரங்கள் நின்ற சுவடு இல்லை. அந்த நேரத்தில் ஊர்ப்பட்ட கட்டட வேலைகளுக்குக் கலவை மிஷின்கள் கிளம்பும். கொத்தனார்கள் மில்லர் என்பார்கள். குட்டி யானை என்கிற சின்ன லோடு வண்டியின் பின்புறம் ஒரு வளையம், அதில் மிஷினின் இழுகம்பி, நடுவில் ஒரு ஆணி. ஆணி ஓட்டையில் சுண்டுவிரல் நுழைகிற இடைவெளி. மிஷினுக்கு வில் கிடையாது, பிரேக் கிடையாது, பின்விளக்கு கிடையாது. கனமான உருளை ஆள் உயரத்துக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது. வண்டி வேகம் எடுக்க எடுக்க அது இடமும் வலமுமாக ஆட ஆரம்பிக்கும். பக்கத்தில் பைக்கில் போகிறவர்கள் ஒதுங்குவார்கள். ஓட்டுநர்களின் பேச்சில் இதற்குப் பெயர் ‘வால் ஆட்டுது’.

இந்த வாலாட்டத்தைத்தான் வெளிநாடுகளில் பெரிய படிப்பாகப் படித்திருக்கிறார்கள். அங்கே விடுமுறைக்குக் காரின் பின்னால் கேரவன் என்னும் சக்கர வீட்டைக் கட்டிக்கொண்டு கிளம்புகிறவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். படகு, குதிரைப்பெட்டி, மோட்டார் சைக்கிள் என்று எதையாவது இழுத்துக்கொண்டு போகிறார்கள். இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் கேரவனுக்குள் எடையை இங்கும் அங்கும் மாற்றி வைத்து ஓட்டிச் சோதித்தார்கள். அவர்கள் சொன்னதைக் கேட்டால் தாத்தா ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார். கொக்கியின் மேல் இறங்கும் கனம் போதவில்லை என்றால் ஆட்டம் சீக்கிரம் வரும். மொத்த எடை அதேதான் என்றாலும், கனமான சாமான்களை இரண்டு கோடியிலும் பிரித்து வைத்தால் ஆட்டம் அடங்க மாட்டேன் என்னும்.

இரண்டாவது விஷயம் காவடி எடுத்தவர்களுக்குப் புரியும். இரண்டு குடமும் தண்டின் நுனிகளில் தொங்கும்போது உடம்பைத் திருப்பினால், நீங்கள் நின்ற பிறகும் தண்டு சுழன்றுகொண்டு போகும். அதே குடங்களைத் தோளோடு சேர்த்து வைத்தால் திருப்பம் உங்கள் பேச்சைக் கேட்கும். டிரெய்லரும் அப்படித்தான். கனம் அச்சுக்கு நெருக்கமாகவும், அச்சுக்குச் சற்று முன்னாலும் இருக்க வேண்டும். அமெரிக்காவில் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் இறங்கட்டும் என்பார்கள். இங்கிலாந்தில் கேரவனுக்கு 5 முதல் 7 சதவீதம் என்பது வழக்கம். நாடு மாறினால் எண் மாறுகிறது. கொஞ்சம் முன்பாரம் வேண்டும் என்பது மாறவில்லை.

ஆட்டம் எப்படி ஆரம்பிக்கிறது என்பதை நான் உள்ளே உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். 1998ஆம் வருஷம், வைகாசி மாத முகூர்த்தம். செங்கல்பட்டில் எங்கள் உறவில் ஒரு கல்யாணம். ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்து, அதை ஜீப்பில் கட்டி வரச் சொல்லி என்னை அனுப்பினார்கள். ஓட்டுநருக்கு இடதுபுறம் நான். ரோடு அப்போது இருவழி. காட்டாங்கொளத்தூர் தாண்டியதும் ஒரு ஆம்னி பஸ் எங்களை ஒட்டி முந்திக்கொண்டு போனது. பஸ்ஸின் முகம் தள்ளிய காற்று டிரெய்லரை இடதுபுறம் ஒதுக்கியது; பஸ்ஸின் பக்கவாட்டு அதையே வலதுபுறம் உறிஞ்சியது. அவ்வளவுதான். பஸ் போய்விட்டது. ஆட்டம் போகவில்லை.

முதல் ஆட்டத்தில் ஜீப்பின் பின்பக்கம் லேசாக இழுபட்டது. இரண்டாவதில் என் தோள் கதவுக் கம்பியில் மோதியது. ஓட்டுநர் ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் ஒடித்தார். மூன்றாவது ஆட்டம் இன்னும் பெரிதாக வந்தது. அவர் பயந்து பிரேக்கை அழுத்தினார். நாலாவதில் கொக்கி ஆணி அறுந்து ஜெனரேட்டர் தனியாகப் போய் ரோட்டோரப் பள்ளத்தில் கவிழ்ந்தது. நாங்கள் குறுக்காக நின்றோம். அந்தப் பள்ளத்துக்கு இரண்டு கை தூரத்தில் ஒருவர் சைக்கிளில் வந்துகொண்டிருந்தார். அவர் இறங்கி, சைக்கிளை ஸ்டாண்டு போட்டு, எங்களுக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்தார். அவருடைய கையும் என்னுடைய கையைப் போலவே நடுங்கியது. அந்தச் சொம்பை நான் மறக்கவில்லை.

ஓட்டுநரைக் குறை சொல்ல முடியாது. டிரெய்லர் ஒரு பக்கம் போய்த் திரும்பி வர ஒன்று, இரண்டு நொடிதான் ஆகும். மனிதர் பார்த்து, புரிந்து, கையைத் திருப்ப அரை நொடிக்கு மேல் ஆகிவிடும். இடதுபுறம் போகிறதே என்று திருத்துகிற நேரத்தில் அது வலதுபுறம் வந்துகொண்டிருக்கும். ஊஞ்சலை நிறுத்துகிறேன் என்று சரியான நேரம் பார்த்துத் தள்ளிவிட்டது போல ஆகிவிடுகிறது. பிரேக்கை அழுத்தினால் முன்வண்டி வேகம் குறையும். தனக்கென்று பிரேக் இல்லாத டிரெய்லர் பின்னாலிருந்து முட்டித் தள்ளும். அந்த நேரத்தில் செய்யக்கூடியது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு வேகம் தானாக இறங்க விடுவது. சொல்வது எளிது. உயிர் பயத்தில் கை சும்மா இருக்காது.

வேகத்துக்கு ஒரு எல்லை இருக்கிறது. அந்த எல்லைக்குக் கீழே, ஒரு பள்ளமோ காற்றோ ஆட்டிவிட்டாலும் ஒவ்வொரு ஆட்டமும் முந்தியதை விடச் சின்னதாகி அடங்கிவிடும். எல்லைக்கு மேலே போனால் ஒவ்வொன்றும் முந்தியதை விடப் பெரிதாகும். பாரம் எப்படி ஏற்றியிருக்கிறது, டயரில் காற்று எவ்வளவு, இழுகம்பி எவ்வளவு நீளம், முன்வண்டி எவ்வளவு கனம் என்பதைப் பொறுத்து ஒவ்வொரு ஜோடி வண்டிக்கும் இந்த எல்லை மாறும். அன்று எங்களுடைய எல்லை எத்தனை கிலோமீட்டர் என்று யாரும் அளந்து பார்க்கவில்லை. மறுநாள் கிரேன் வைத்துத் தூக்கும்போது பார்த்தேன்: கேபிள் சுருள்கள், உபரி டீசல், ஸ்டாண்டுகள் எல்லாம் ஜெனரேட்டருக்குப் பின்னால், வால் பக்கம் அடுக்கியிருந்தன. கதவு அந்தப் பக்கம் என்பதால் ஏற்ற இறக்க வசதி. முழுக்க முழுக்கப் பின்பாரம். ஜீப்புக்குத் தொண்டை இல்லை, இறுக்கவில்லை. அதனால் கிளம்பும்போது யாருக்கும் தெரியவில்லை.

மாட்டை அவிழ்த்து எஞ்சினைப் பூட்டிய நாளில் நாம் இழந்தது இதைத்தான் என்று நான் நினைக்கிறேன். பாரம் தவறாக இருக்கிறது என்று வலியோடு சொல்லக்கூடிய ஒரு உயிர் வண்டியின் முன்னால் இருந்தது. அது போன பிறகு, அந்த வேலையைச் செய்ய வேறொன்று வர வெகு காலம் ஆயிற்று.

வந்தது இப்படி. 1995இல் ஜெர்மனியின் பாஷ் நிறுவனமும் மெர்சிடிஸ் நிறுவனமும் சேர்ந்து, கார் ஓட்டுநர் திருப்பிய பக்கம் போகிறதா, அல்லது தன்னிஷ்டத்துக்குச் சுழல்கிறதா என்று கவனிக்கும் ஒரு அமைப்பைக் காரில் வைத்தார்கள். இ.எஸ்.பி. என்று பெயர். விலை உயர்ந்த காருக்கு மட்டும் என்றுதான் அது ஆரம்பித்தது. 1997 அக்டோபரில் ஒரு ஸ்வீடன் பத்திரிகை, திடீரென்று மான் குறுக்கே வந்தால் ஒடித்துத் திரும்புவது போன்ற சோதனையில் மெர்சிடிஸின் புதிய சின்னக் காரான ஏ-கிளாஸைக் கவிழ்த்துக் காட்டியது. அதன்பின் அந்தச் சின்னக் காருக்கும் இ.எஸ்.பி.யைக் கட்டாயமாகப் பொருத்தினார்கள். சாதாரணக் கார்களுக்கு அது பரவியதில் அந்தக் கவிழ்ப்புக்குப் பெரிய பங்கு உண்டு. அமெரிக்கா 2012 மாடல்களிலிருந்தும், ஐரோப்பா 2014 நவம்பரிலிருந்தும் எல்லாப் புதுக் கார்களுக்கும் கட்டாயம் என்றன. நம் நாட்டில் 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்கேப் பாதுகாப்பு மதிப்பீட்டில், மூன்று நட்சத்திரமும் அதற்கு மேலும் வாங்க இது இருந்தாக வேண்டும்.

வேலை செய்கிற விதம் அழகானது. ஒவ்வொரு சக்கரத்திலும் அதன் வேகத்தைப் பார்க்க ஒரு உணர்வி. ஸ்டியரிங் எவ்வளவு திரும்பியது என்று பார்க்க ஒன்று. காரின் நடுவில், நகக்கணு அளவு சிலிக்கன் சில்லுக்குள் நுண்ணிய சீப்பு ஒன்று ஓயாமல் அதிர்ந்துகொண்டிருக்கிறது. கார் சுழன்றால் அந்த அதிர்வு விலகும், அதை வைத்துச் சுழற்சியை அளக்கிறார்கள். ஓட்டுநர் கேட்ட பாதையும் கார் போகிற பாதையும் ஒன்றுதானா என்று நொடிக்கு 25 முறை ஒப்பிட்டுப் பார்ப்பதாக பாஷ் சொல்கிறது. விலகினால் நாலு சக்கரத்தில் எந்த ஒன்றைப் பிடித்தால் கார் நேராகுமோ அந்த ஒன்றை மட்டும் பிடித்து விடுகிறது.

ஒரு சக்கரத்தை மட்டும் பிடித்தால் வண்டி திரும்பும் என்பது நமக்குப் புதிதல்ல. சித்திரையில் திருக்கழுக்குன்றம் தேரோட்டம் பார்த்தவர்கள் முட்டுக்கட்டைக்காரர்களைக் கவனித்திருப்பார்கள். வடம் பிடிக்கிற கூட்டத்தின் கண் அம்மன் மேலும் சுவாமி மேலும் இருக்க, சக்கரத்தின் அடியில் குனிந்து ஓடுகிற அந்த நாலைந்து பேர் கண் சக்கரத்தின் மேலேயே இருக்கும். தேர் இடதுபுறம் சாய்ந்து போனால் வலது சக்கரத்துக்குக் கட்டை. கட்டையில் சக்கரம் உரசி ஒரு கணம் தயங்கும். தேரின் முகம் வலது பக்கம் திரும்பும். உடனே கட்டையை உருவிக்கொண்டு மறுபக்கம் ஓடுவார்கள். சக்கரம் கையைத் தின்றுவிடாத இடைவெளியில் கட்டையைச் செருகி எடுக்கும் அந்த வித்தை அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு வருவது. திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்த பிறகும், திருப்பத்தில் தேருக்கு அவர்கள் வேண்டியிருக்கிறது. இ.எஸ்.பி. செய்வது முட்டுக்கட்டை வேலை. நாலு சக்கரத்துக்கும் நாலு பேர், தூங்காமல்.

டிரெய்லர் ஆட்டத்தை அடக்குவது இதன் மேல் ஏற்றிய இன்னொரு பாடம். புதிய இரும்பு எதுவும் வேண்டாம். இருக்கிற உணர்விகளுக்கும் பிரேக்குகளுக்கும் கூடுதலாக ஒரு கணக்கு சொல்லிக்கொடுத்தால் போதும். ஓட்டுநர் ஸ்டியரிங்கை ஆட்டவில்லை, ஆனாலும் காரின் பின்பக்கம் சீரான தாளத்தில் இடம், வலம், இடம், வலம் என்று இழுபடுகிறது என்றால், பின்னால் ஏதோ ஆடுகிறது என்று அர்த்தம். அப்போது அமைப்பு எஞ்சினின் இழுப்பைக் குறைக்கிறது. டிரெய்லர் காரின் வாலை ஒரு பக்கம் இழுக்கும்போது அந்த இழுப்புக்கு எதிராகச் சுழற்றும்படி ஒரு முன்சக்கரத்தைச் சற்றுப் பிடிக்கிறது. ஆட்டம் திரும்பியதும் மறு முன்சக்கரத்தை. மனிதக் கை பிந்திப்போய்ச் செய்கிற அதே திருத்தத்தை, தாளம் தப்பாமல் செய்கிறது. அடங்கவில்லை என்றால் நாலு சக்கரத்தையும் சேர்த்துப் பிடித்து, வேகத்தை அந்த எல்லைக்குக் கீழே கொண்டுவந்துவிடுகிறது. அங்கே வந்துவிட்டால் ஆட்டம் தானாகச் சாகும். காரில் இருப்பவர்கள் பல சமயம் இரண்டு மூன்று உதறலோடு எச்சரிக்கை விளக்கு ஒன்று மின்னியதை மட்டும்தான் உணர்வார்கள்.

ஐரோப்பாவில் டிரெய்லருக்குள்ளேயே ஆட்டத்தை உணர்ந்து அதன் சொந்த பிரேக்கைப் பிடிக்கும் கருவிகளும் விற்கின்றன. முறைப்படி இதுதான் இன்னும் நல்லது. பின்னாலிருப்பதைப் பின்னாலிருந்தே பிடித்தால் வடம் இழுத்தது போல வண்டி நேராகும்.

இந்தக் கருவிகளோடு எங்கள் ஊருக்கு உள்ள உறவுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. பொத்தேரியிலிருந்து தெற்கே நாலு ஸ்டேஷன் போனால் பரனூர். அங்கே மகேந்திரா வேர்ல்ட் சிட்டியில் 2007 முதல் பி.எம்.டபிள்யூ. கார்கள் பூட்டப்படுகின்றன; கொக்கி பொருத்தி வாங்கினால் அந்த நிறுவனத்தின் கார்களில் டிரெய்லர் ஆட்டத்தை அடக்கும் ஏற்பாடும் கூடவே வருகிறது. 2012இல் திறந்த மகேந்திரா ரிசர்ச் வேலியும் அங்கேதான். அந்த நிறுவனத்தின் வண்டிகள் கேரவன் கட்டி இழுக்கிற ஆஸ்திரேலியாவுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் போகின்றன. லாரி, பஸ் பிரேக்குகளுக்குப் பெயர்போன, முன்னாளில் சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவாக இருந்து பிறகு வாப்கோ ஆகி இன்று இசட்.எஃப். பெயரில் இயங்கும் நிறுவனத்துக்கும் அங்கே ஆலை உண்டு. மறைமலைநகரில் 1999இல் ஐகான் காரோடு வந்து 2022இல் கடைசி காரை வெளியே விட்ட ஃபோர்டு ஆலையில் எங்கள் தெருவிலிருந்து எத்தனையோ பேர் வேலை பார்த்தார்கள். நானே ஒரு பிரேக் உதிரிபாகக் கம்பெனியில் 26 வருஷம் இருந்தவன். உலகத்து வண்டிகளின் ஆட்டத்தை அடக்கத் தெரிந்த கைகள் இந்தப் பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குள் இத்தனை இருக்கின்றன. அந்தக் கைகள் ஷிப்டு முடிந்து வீடு திரும்புகிற ரோட்டில் கலவை மிஷின் ஆணியில் ஆடிக்கொண்டு போகிறது.

கனரக டிரெய்லர்களின் நிலை எவ்வளவோ தேறியிருக்கிறது. அதைச் சொல்லாமல் விடக் கூடாது. அவற்றின் ஆபத்து வேறு மாதிரி. ஈர ரோட்டில் பிரேக் அழுத்தி முன்வண்டியின் பின்சக்கரங்கள் பூட்டிக்கொண்டால், மடக்குக் கத்தி போல வண்டி மடிந்து முன்தலை திரும்பி டிரெய்லரைப் பார்க்கும். டிரெய்லரின் சக்கரங்கள் பூட்டிக்கொண்டால் அதன் வால் அடுத்த வழித்தடத்தைத் துடைத்துக்கொண்டு போகும். சக்கரத்தைப் பூட்டிக்கொள்ள விடாத ஏ.பி.எஸ். 2015 அக்டோபரிலிருந்து நம் நாட்டில் கனரக வண்டிகளுக்குக் கட்டாயமானது. அதற்கு முன்னால் மழை நாட்களில் வண்டலூரிலிருந்து சிங்கப்பெருமாள்கோயில் வரை, மடிந்து கிடக்கும் ஒரு கண்டெய்னரைச் சுற்றிக்கொண்டு போவது எங்களுக்கு வழக்கமாக இருந்தது. இப்போது அப்படி ஒன்றைப் பார்ப்பது அபூர்வம்.

சட்டமும் கம்பெனியும் எட்டாத இடம் நடுவில் இருக்கிறது. கலவை மிஷின். கல்யாண ஜெனரேட்டர். பாறை உடைக்கிற கம்பிரசர். ரோடு போடுகிறவர்கள் இழுத்துப்போகும் தார்க் கொப்பரை. படாளம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் உழவு டிராக்டரின் டிரெய்லர். கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரை ஈ.சி.ஆரில் ஃபைபர் படகைக் கட்டி இழுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கழற்றாத எஞ்சின் படகின் பின்கோடியில் தொங்கும், மதியத்துக்கு மேல் கடல்காற்று குறுக்கே அடிக்கும், எடை பார்த்து யாரும் கட்டுவதில்லை. இவற்றை இழுக்கிற வண்டிகளில் இ.எஸ்.பி. இருக்காது. இருந்தாலும் விளக்கு வயர் இணைக்காத டிரெய்லரை அது டிரெய்லர் என்றே அறியாமல் போகலாம். மாடும் இல்லை, சிலிக்கன் சீப்பும் இல்லை. சொல்ல ஆளில்லாமல் ஓடுகிற வண்டிகள் இவை.

சென்ற மாசி மாதம் எங்கள் தெருக்கோடியில் ஜெனரேட்டர் வாடகைக்கு விடுகிற தம்பி ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். முப்பது வயதிருக்கும். பொலேரோ பிக்கப்பில் கட்டி இழுப்பார். “அறுபதுக்கு மேல போனா வால் ஆட்டுது சார், அதனால அம்பதுலயே போயிடறேன்” என்றார். டிரெய்லர், ஜெனரேட்டர், கேபிள் எல்லாம் சேர்ந்து எடை மேடையில் போட்ட சீட்டு 900 கிலோ என்று காட்டியது.

வீட்டிலிருந்து, என் மனைவி சர்க்கரைக்காக எடை பார்க்கிற தராசை எடுத்துவந்தேன். சமதரையில் டிரெய்லரை நிறுத்தி, சக்கரங்களுக்குச் செங்கல் கொடுத்து, தராசின் மேல் மரக்கட்டைகளைக் கொக்கி உயரத்துக்கு அடுக்கி, இழுகம்பியின் மூக்கை அதன் மேல் இறக்கினோம். கட்டைகளின் எடையைக் கழித்துப் பார்த்தால் 18 கிலோ. நூற்றுக்கு இரண்டு. அவர் கையால் தூக்கிப் பார்த்தார், சுலபமாக எழும்பியது. “லேசா இருந்தா நல்லதுதானே சார், மாட்டறதுக்கு ஈஸியா இருக்கும்னு நெனச்சேன்.”

கேபிள் பெட்டி அறுபது கிலோ. அச்சுக்கு ஒரு மீட்டர் பின்னால், வால் கதவை ஒட்டி இருந்தது. இருவரும் சேர்ந்து அதை இழுத்து அச்சுக்கு முன்னால், ஜெனரேட்டருக்கும் இழுகம்பிக்கும் நடுவில், நாலடி தள்ளி வைத்துக் கட்டினோம். கொக்கியிலிருந்து அச்சு வரை எட்டடி. மறுபடி இறக்கினால் தராசு 73 காட்டியது. டயர் காற்றையும் பார்த்தோம். ஒன்றில் பாதிதான் இருந்தது. ஆணி ஓட்டையின் தேய்மானத்துக்கு வெல்டிங் கடையில் ஒரு புஷ் அடித்துக்கொள்ளச் சொன்னேன்.

அன்று மாலை சிங்கப்பெருமாள்கோயிலில் ஒரு நிச்சயதார்த்தம். போய்வந்து இரவு பதினொன்றரைக்குப் போன் செய்தார். “ஐம்பத்தஞ்சுலயே வந்தேன் சார். ஒரு பஸ்காரன் ஒட்டிப் போனான். நேரா நின்னுச்சு.” வேகத்தைக் கூட்ட வேண்டாம் என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

ஒரு வாரம் கழித்து அந்த வழியாகப் போனபோது டிரெய்லர் காலியாக நின்றது. தளத்தில், அச்சுக்கு முன்னால், வெள்ளைப் பெயின்ட்டில் ஒரு கட்டம் வரைந்திருந்தார். உள்ளே கோணல் எழுத்தில் ‘கேபிள் இங்கே’ என்று எழுதியிருந்தது.